மகள் திருடிய மூச்சு

என் மகள் அபிஷா இப்போது சுவரைப் பிடிக்காமல் அடுக்களை வரை நடக்கிறாள். கர்த்தர் செய்த நன்மையைப் பற்றி ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்படி சபையில் இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் சரி என்றேன், இரண்டு முறையும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார என்னால் முடியாது. நடுவில் நான் செய்தது ஒன்று இருக்கிறது. ஆட்கள் முன்னால் நின்று அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதினால் முடியும் போலிருக்கிறது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. மருந்துகளின் பெயரெல்லாம் தெரியும். அதனாலேயே நோய்களும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததும் அபிஷாவுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. நின்றுவிட்டது. அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

"அப்பா, செருப்பு கழண்டு போவுது. போனதே தெரியல்ல. எனக்க காலு இல்லாத மாதிரி இருக்கு."

கடையிலிருந்து வைட்டமின் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். "சத்துக் குறைவு மக்கா. ரெண்டு நாள்ல சரியாவும்."

மனைவி ஷீலா, "ஆஸ்பத்திரியில ஒருக்க காட்டினா என்ன?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாததா?" என்றேன்.

புதன்கிழமை காலையில் அவளால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. காரில் தூக்கி வைக்கும்போது அவள் கால்கள் இரண்டும் ஈரத்துணி போலத் தொங்கின. நாகர்கோவில் வரை மழை. கண்ணாடி வழியாக எல்லாம் கரைந்து கரைந்து போயிற்று, கடைகள், குடைகள், வயலில் நின்ற தண்ணீர். அந்தக் காரிலேயே நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சில மத்தியானங்களில் இப்போதும் தோன்றும்.

டாக்டர் சிறிய சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கரண்டு வயரை வைத்துச் சொன்னார். நரம்பு என்பது வயர். அதற்கு மேலே ஓர் உறை உண்டு. வயிற்றில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, கிருமி போன பிறகும் நிற்கத் தெரியாமல், நரம்பின் உறையையே எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலும் திரும்பச் சரியாகிவிடும். ஆனால் நெஞ்சு வரை ஏறினால் மூச்சு நின்றுபோகும். அங்கே போகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

"பயந்துபோன உடம்பு, சொந்த ஆட்களையே அடிக்குது," என்றார் டாக்டர். அப்போது அது நோயைப் பற்றிய பேச்சாக மட்டும் என் காதில் விழுந்தது.

ஐந்து நாள் மருந்து. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல காப்புச்சத்து, பாட்டிலில் நுரை படிந்த தண்ணீர் போல இருந்தது. முகம் தெரியாத அத்தனை பேரும் என் பிள்ளைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். விலையை எழுதவில்லை. வளைகுடாவில் இருக்கும் ஷீலாவின் தம்பி, எவ்வளவு என்று கேட்காமலே அனுப்பினான்.

மூச்சின் பலத்தை அளக்க ஒரு ஊதுகருவி உண்டு. அபிஷாவின் உதடுகளும் தளர்ந்துபோயிருந்ததால் ஓரத்தில் காற்று கசிந்தது. விரலில் மாட்டும் கிளிப் காட்டும் எண்ணையும் நம்ப முடியாது, அது கடைசியில்தான் குறையும் என்றார்கள். அதனால் எண்ணச் சொன்னார்கள். ஆழமாக மூச்சை இழுத்து, நடுவில் மூச்சு எடுக்காமல், ஒன்று இரண்டு என்று எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு. முதல் நாள் முப்பத்தொன்று. இருபதுக்குக் கீழே வந்தால் உடனே சொல்ல வேண்டும். பதினைந்து என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு.

நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் போல அந்த எண்ணிக்கை வரும். வார்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும். ஜன்னலுக்கு வெளியே தென்னையோலைகள் மழையில் முடி கோதிக்கொண்டிருக்கும். அபிஷா கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று போவாள். ஒவ்வொரு எண்ணும் அவள் வாயிலிருந்து குமிழி போல எழும்பி, விசிறிக்குப் பக்கத்தில் போய் நிற்பதாக எனக்குத் தோன்றும். இருபதைத் தாண்டும்போது நான் காலை ஊன்றி எக்குவேன். நான் எக்கினால் அவளும் எட்டிவிடுவாள் என்பதுபோல.

பெரும்பாலும் எண்ண வைத்தது சிஸ்டர் டெல்பின். குளச்சல் பக்கத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எண்ணி முடித்ததும், "கொள்ளாம் மக்கா" என்று கன்னத்தில் தட்டுவாள். கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அவளைத்தான் நான் அதிகம் ஏசினேன்.

ஊசி நரம்பில் ஏறாமல் இரண்டாம் முறை குத்தியதற்கு. மணியடித்து ஐந்து நிமிடம் கழித்து வந்ததற்கு. நான் கடைக்காரன் ஆனதால் மருந்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏசினேன், அவளுக்குத் தெரியாததுபோல. வாசலில் பாஸ் கேட்ட காவலாளியை ஏசினேன். ஷீலாவை, "கல்யாண வீட்டுக்கு நாந்தான் வரல்லேன்னேனே, நீதானே கூட்டிட்டுப் போனே" என்றேன். எனக்குள் ஒரு இடம் வெந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு நாள், அந்த வைட்டமின் மாத்திரை. ஷீலா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது எனக்கு இன்னும் வெப்பிராளமாக, உள்ளே புழுங்குவதாக இருந்தது. அந்தச் சூட்டைக் கையில் வைத்திருக்க முடியாமல், எதிரே வருகிறவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே போனேன்.

வெளியே பெஞ்சில் அஞ்சுகிராமத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்குப் பக்கவாதம், பக்கத்து அறை. ஒரு நாள் நான் கத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"வே மருந்துக்கடை, ஒம்ம சத்தத்துல எம் பொண்டாட்டி கண்ணத் தொறந்துட்டா. டாக்டர் மருந்துக்குத் தொறக்காத கண்ணு."

நான் சிரிக்கவில்லை.

"ஒரு பழம் தின்னும். வாய்க்குள்ள பழம் இருந்தா வார்த்தை வராது," என்று மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தவறாது. ஆஸ்பத்திரியிலும் தவறவிடவில்லை. நாலு மணிக்கு டெல்பினை ஏசிய அதே வாயால் ஏழு மணிக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அபிஷா கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் எண்ணிக்கை இருபத்திரண்டுக்கு வந்தது. முந்தின நாள் இருபத்தேழு. நான் டெல்பின் பக்கம் திரும்பினேன். "மருந்த ஓட்டினது நீதானே? வேகத்தக் கூட்டினியா? ஒனக்குப் படிப்பு சொல்லித் தந்தது யாரு? எனக்க பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ இந்த வேலையில இருக்க மாட்டே."

மருந்தின் வேகம் சரியாகத்தான் இருந்தது, கருவியில் எழுதியே இருந்தது. டெல்பின் எண்ணைக் குறித்துவிட்டுத் திரைக்கு அப்பால் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கட்டிலில் அபிஷாவுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த முறை இருபத்து நாலு. அதற்கடுத்து இருபத்தைந்து. மறுநாளும் இருபத்தைந்து. டெல்பின் இரண்டு நாள் விடுப்பில் இருந்தாள், வேறு சிஸ்டர்கள் குறித்துக்கொண்டு போனார்கள். நான் எல்லோருக்கும் போன் செய்தேன். ஜெபம் கேட்கப்பட்டது என்றேன். அந்த இரண்டு நாளும் வெயில் அடித்தது. நடைவழித் தரையில் விழுந்த வெளிச்சத்தின் மேல் நடந்தால் கால் தண்ணீரில் நனைவது போலிருந்தது. ஷீலாவின் அண்ணி கொண்டுவந்த கஞ்சியையும் பயறையும் முதல் முறையாக ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் டெல்பின் வேலைக்கு வந்தாள். நான் திரைக்கு வெளியே நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். உள்ளே எண்ணும் குரல். பஞ்சு போல இருந்தது அது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

"நில்லு மக்கா," என்றாள் டெல்பின். "எனக்க கையி ஒனக்க வயித்துல இருக்கு. இப்பம் இடையில ஒரு மூச்சு எடுத்தே."

டெல்பின் மறுபடி கேட்டாள்.

"எடுத்தியா?"

"ம்."

"எப்பத்துல இருந்து பிள்ளே இப்படி எடுக்கே?"

"அன்னைக்கு இருந்து."

"ஏம் மக்கா?"

அபிஷாவுக்குப் பேச நேரமாயிற்று. ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தாள். "எடுக்கல்லேன்னா நம்பர் கொறையும். கொறஞ்சா... அப்பா உங்கள ஏசும்."

நான் எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை. கால்கள் என்னுடையவை அல்ல போலிருந்தன.

"ஏசினா ஏசட்டும் மக்கா," என்றாள் டெல்பின். "எனக்க அம்மைக்க ஏச்சு கேட்டிருக்கியா? ஒங்கப்பாக்க ஏச்சு அதுக்குப் பக்கத்துல வருமா? இப்பம் உள்ளத எண்ணு. திருடாம எண்ணு."

பதினாலு.

டெல்பின் என்னைத் தாண்டி ஓடினாள், என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் வந்தார். கட்டில் உருண்டது. நடைவழியில் கட்டிலோடு நானும் போனேன், லிப்ட் கதவு மூடியது. அரைமணி நேரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டார்கள், இனிமேல் இயந்திரம் அவளுக்காக மூச்சு விடும். டெல்பின் கையை வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரு நாளுக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம் விட்டார்கள். உள்ளே கடலுக்கு அடியில் இருப்பதுபோல நீல வெளிச்சம். இயந்திரம் இழுத்து விடும் சத்தம். அந்தச் சத்தத்துக்கேற்ப அபிஷாவின் நெஞ்சு ஏறி இறங்கும், கரையில் கட்டிய வள்ளம் அலைக்கு ஏறி இறங்குவதுபோல. அவள் அரைத்தூக்கத்தில் இருந்தாள். கண் திறந்தால் எங்கேயோ தூரத்திலிருந்து பார்ப்பாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்கும் நேரம் தெரியாது. காலையா சாயங்காலமா என்று, அவ்வப்போது கீழே வந்து என்னோடு உட்காரும் வாழைத்தோட்டக்காரரிடம் கேட்பேன்.

அந்த நாட்களில் ஒரு காரியம் திரும்பத் திரும்ப மனதில் வந்தது. சிலுவையில் மரிப்பதற்கு முந்தின இரவு தோட்டத்தில் ஆண்டவர் வேதனைப்பட்டது சிறு வயதிலிருந்து கேட்டது. வியர்வை இரத்தம் போல விழுந்தது. கூட இருக்கச் சொன்ன சிநேகிதர்கள் தூங்கிவிட்டார்கள். அவர் வருத்தப்பட்டுத்தான் அவர்களை எழுப்பினார். ஆனால் அதே மூச்சில், மனசு இருக்கிறது, உடம்புக்குத்தான் முடியவில்லை என்று அவர்களுக்காக அவரே சாக்கும் சொன்னார். அத்தனை பெரிய பாரம் தன்மேல் இருந்தும் அதில் ஒரு துளியைக்கூட அவர்கள் தலையில் கொட்டவில்லை. கொட்ட வேண்டியதைப் பிதாவிடம் கொட்டினார், மூன்று தடவை, முகங்குப்புற விழுந்து. நான் பிதாவிடம் அழகான ஜெபம் செய்தேன். கொட்ட வேண்டியதை டெல்பின் மேல் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் வந்தார். திருவிருந்து ஞாயிறு அது. எங்களால் வர முடியாது என்று சிறிய பெட்டியில் அந்த விருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் சபையில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை உண்டு. யார்மீதாவது மனக்குறை இருந்தாலும், உன்மேல் யாருக்காவது இருந்தாலும், முதலில் போய்த் தீர்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்புவார்கள். நாளைக்குத் திருவிருந்து என்று சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு பேசாதிருந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுவரை தட்ட வேண்டிய கதவு இருந்ததாகத் தோன்றியதே இல்லை.

பெஞ்சில் துண்டை விரித்து அவர் பெட்டியைத் திறந்தார். என் கை நீளவில்லை.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம். ரெண்டாம் மாடி வார்டு வரைக்கும் போயிட்டு வந்திடுகேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை மூடினார். "பைய போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

வாழைத்தோட்டக்காரர் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

டெல்பின் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். தோள் கொஞ்சம் உள்ளே போயிற்று. அதைப் பார்த்தபோதுதான் நான் என்ன ஆளாக இருந்திருக்கிறேன் என்பது புரிந்தது.

"என்ன சார்? பிள்ளைக்கு..."

"பிள்ளை அப்படியே இருக்கா. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பத்து பேஷண்டு இருக்கு சார். சட்டுன்னு சொல்லுங்க."

சட்டென்று சொன்னேன். ஆரம்பத்தில் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து இரண்டு நாளைப் போக்கியது நான். அந்தக் குற்றம் தாங்காமல் உங்களை ஏசினேன். நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. மன்னிக்க வேண்டும்.

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் சோறு எறங்கல்ல சார்," என்றாள். "நெசமாவே நாந்தான் ஏதாம் பண்ணிட்டேனோன்னு மூணு நாள் யோசிச்சேன்." வண்டியிலிருந்த புட்டிகளை ஒருமுறை ஒழுங்குபடுத்தினாள். பிறகு கேட்டாள். "என்கிட்ட சொன்னது சரி. பிள்ளைகிட்ட சொன்னியளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அதச் செய்யுங்க," என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கீழே வந்து முதலில் ஷீலாவிடம் சொன்னேன். அன்னைக்கு நீ ஆஸ்பத்திரின்னு சொன்னத நான் கேட்கல்ல, அத மறைக்கத்தான் கல்யாண வீட்டச் சொல்லிச் சொல்லி ஒன்ன ஏசினேன் என்று.

ஷீலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அத நான் சொல்லிடப்பிடாதுன்னு பல்லக் கடிச்சுக் கடிச்சு எனக்கு தாடை வலிக்குது," என்றாள். "சொன்னா நீங்க ஒடஞ்சு போவியன்னு தெரியும். பிள்ளையும் கெடந்து, நீங்களும் கெடந்தா நான் யாரப் பாக்க?"

சந்திப்பு நேரம் வந்ததும் உள்ளே போனேன். அபிஷா கண் திறந்திருந்தாள். குனிந்து அவள் காதருகே சொன்னேன். நம்பர் கொறஞ்சா அப்பா யாரையும் ஏச மாட்டேன். எவ்வளவு கொறஞ்சாலும் உள்ளத உள்ளபடி சொல்லு. பயந்தது நான், அடி வாங்கினது நீங்க எல்லாரும். அப்பாவ மன்னிச்சுக்க மக்கா.

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மன்னித்தாளா, தூங்கிப்போனாளா, தெரியாது. இயந்திரம் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து திருவிருந்து எடுத்தேன்.

அந்த இரண்டு நாள் தாமதம் வித்தியாசம் செய்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம், அதற்குப் பதில் யாரிடமும் இல்லை என்றார். அந்தப் பதிலோடுதான் நான் வாழ வேண்டும். வேறு ஒருவர் கையில் அதைக் கொடுக்க முடியாது.

குழாய் போட்ட பத்தாம் நாள் அதை எடுத்தார்கள். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வார்டு, பயிற்சி, சக்கர நாற்காலி. வீட்டுக்கு வந்த பிறகும் நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். கடைக்கு வந்த ஒருவரிடம் ஒரு தடவை வாய் மீறினேன், அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். அபிஷாவுக்கும் கோபம் வரும். நடைப்பயிற்சி முடியாமல் ஒரு நாள் ஊன்றுகோலை வீசினாள். அது என் முழங்காலில் பட்டது. "நீங்க நடந்து பாருங்க, தெரியும்!" என்று கத்தினாள். வலித்தது. ஆனாலும் என் முன்னால் அவளுக்குக் கத்த முடிகிறதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சாயங்காலம் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பட்ட எடம் வீங்கிச்சா?" என்று கேட்டாள்.

போன வாரம் காலைச் சாப்பாட்டு நேரம். புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தவள் சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு எடது காலு பெருவிரல் மரத்துப்போயி இருக்கு. நேத்தும் இருந்துது."

எனக்குள் அதே சூடு எழுந்தது. ஷீலா என்னைப் பார்த்தாள். எழுந்து பின்வாசலுக்குப் போய் நின்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆண்டவரே, பயமாயிருக்கு, பிடிச்சுக்கிடும் என்று சத்தமாகவே சொன்னேன். அழகான ஜெபம் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்தேன். டாக்டருக்குப் போன் செய்தேன். நரம்பின் உறை மறுபடி வளரும்போது அப்படி இருக்கும், மேலே ஏறினால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். ஏறவில்லை.

ஆனால் அன்று காலை நான் கவனித்தது வேறு. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எதைச் சொல்வதற்கு முன்னாலும் அபிஷா முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். சொல்லலாமா வேண்டாமா என்று அங்கே படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அன்று அவள் தலையைத் தூக்கவே இல்லை. மரத்துப்போன விரலைப் பற்றிச் சொல்லிவிட்டு, புட்டை வாயில் போட்டு, இன்னொரு பழம் கேட்டாள்.